ஒரு முழம் குறைந்த மலை

1.
கதை ஒரு கேக்கைப் பார்த்துப் பிறந்தது, ஒப்புக்கொள்கிறேன். எங்கள் ஹல்லசே தீவின் கப்பல்துறையில், முட்டி தேய்ந்த ஒரு பெண்மணி '104' என்று சர்க்கரையால் எழுதிய கேக்கை மழைச்சட்டைக்குள் பொத்திக்கொண்டு இறங்கினாள்.

முதல் வரி: மூடுபனி மலையை மெல்லத் தழுவ...

(அடித்துவிட்டேன். இங்கே மூடுபனி யாரையும் தழுவாது, மூக்கில் ஒழுகும்.)

2.
அவள் இஷ்பெல். பட்டியலில் உள்ள ஸ்காட்லாந்துத் தீவுக் குன்றுகள் நூற்று நான்கையும் ஏறி முடிக்க முப்பது வருஷச் சபதம். மிச்சம் எங்கள் பென் லீயா குன்று மட்டும். பக்கத்துத் தீவின் பேர்பெற்ற மலைக்கு ஓடுகிறவர்கள் எட்டிக்கூடப் பார்க்காதது. வருகிற திங்கட்கிழமை இரண்டு முட்டியிலும் அறுவை. அப்புறம் மலையே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கடைசி உச்சியில் வெட்டவேண்டிய கேக்கைச் சுமந்து ஏறியது கணவர் டூகல்.

"அம்மா தாயே, இது மலையா, நனைஞ்ச மெத்தையா?"

"கேக்கைக் கவுக்காம வா. முப்பது வருஷமா இதே பாட்டு."

"முப்பது வருஷமா இதே சேறு!"

உச்சியைக் காட்டும் கற்குவியலில், ஏறியதன் அடையாளமாக அவள் ஒரு கல் வைத்தாள். "முடிச்சிட்டேன்டா கிழவா" என்று அழுதாள். அவர் விஸ்கி ஊற்றினார். நானும் அழுதேன், மறைப்பானேன்.

3.
உயரத்தைச் சரிபார்க்க வரைபடத்தை விரித்தேன். விரித்திருக்கக் கூடாது. குவியல் இருப்பது உச்சியில் இல்லை. சேற்றுக்கு அப்பால் முந்நூறு அடி தள்ளி ஒரு புல்மேடு, ஒரு முழம் அதிக உயரம். பட்டியல்காரர்களுக்கு முழம் குறைந்தாலும் கணக்கில்லை. அவள் 103-இலேயே நிற்கிறாள்.

ஆடு மேய்க்கும் மர்டோவிடம்* சண்டைக்குப் போனேன்.

"எங்க தாத்தா குவிச்சதுய்யா. அன்னிக்குச் செம காத்து. இதுவே போதும்னு எறங்கிட்டாரு."

"அப்ப இத்தன நாளா ஏறினவங்க?"

"யாரு ஏறுனா?"

* நாலாவது வரைவில்தான் வந்தான். இனிப் போகமாட்டானாம்.

4.
ஒரே வாக்கியத்தில் புல்மேட்டை ஒரு முழம் வெட்டிவிடலாம். எனக்கு மண்வெட்டியா வேண்டும்? ஆனால் இவள் மழையில் பாதியில் திரும்பிய ஒரு குன்றுக்கு ஏழு முறை போனவள். அவளை ஏமாற்ற மனசு வரவில்லை.

இன்னொரு முடிவு: டூகல் மேலேயே அந்த மேட்டைப் பார்த்துவிட்டார், பார்த்த பிறகுதான் அவளை மறுபக்கம் திருப்பி உட்காரவைத்து விஸ்கியை

(அடப்பாவி மனுஷா! இதை நான் யோசிக்கவே இல்லை. கை தானாக எழுதுகிறது.)

5.
சனிக்கிழமை, மணி மூன்றரை. நாலுக்குக் கப்பல். நாளை ஞாயிறு, கப்பல் கிடையாது. தங்கினால் மலை கிடைக்கும். எட்டு மாதம் காத்திருந்து வாங்கிய அறுவைத் தேதி போய்விடும்.

இஷ்பெல் துறையில் நிற்பவர்களுக்கெல்லாம் மிச்சக் கேக்கை நீட்டுகிறாள். "எடுத்துக்கங்க, நூத்தி நாலு!" டூகல் கடலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அவளுக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும், இப்போது உங்களுக்கும். நான் கோழை; என் துண்டைத் தின்றாகிவிட்டது. அடுத்து உங்களிடம்தான் வருகிறாள்.