டாக்டருக்கும் தெரியாத மாத்திரை

ரொட்டிக்கடை அக்கா என்றுதான் எல்லாரும் அவளைக் கூப்பிடுவார்கள். வாழ்நாளில் பாதியை அடுப்பு முன்னால் கழித்தவளுக்கு, புற்றுநோய்க்கு முதல் கீமோ மருந்து ஏற்றிக்கொண்டு வந்த அன்று, தன் கடை ரொட்டி வாசனையே குடலைப் புரட்டியது. உயிரே வாய்வழியாக வந்துவிடும்போல வாந்தி. "இனிமே அந்த ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்க மாட்டேன்" என்றாள். தம்பிதான் கெஞ்சிக் கூத்தாடி மறுபடி அழைத்து வந்தான்.

டாக்டரம்மா ஒரு பரிசோதனை பற்றிச் சொன்னார். "வாந்தியைத் தடுக்கப் புது மருந்து வந்திருக்கு. அடுத்த ரெண்டு கீமோவுல ஒண்ணுக்கு அதைக் கொடுப்போம், இன்னொண்ணுக்கு வழக்கமான மருந்து. பார்க்க ரெண்டும் ஒரே மாதிரிதான். யாருக்கு எது முதல்லன்னு எனக்கே தெரியாது."

"உங்களுக்கே தெரியாதா? நல்ல கூத்து" என்றாள் அக்கா. ஆனாலும் சம்மதித்தாள்.

பக்கத்து நாற்காலியில் ஒரு கணக்கு டீச்சர். அவளும் இதே பரிசோதனையில் சேர்ந்தவள்தான். இருவரும் மாத்திரையை விழுங்கினார்கள். கீமோ சொட்டுச் சொட்டாக இறங்கியது. அக்கா வாந்தி எடுக்கும் பேசினை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். சாயங்காலம்வரை ஒன்றும் வரவில்லை. தம்பி கொண்டுவந்த பையைத் திறந்ததும் ரொட்டி மணத்தது. அவளுக்குப் பசித்தது.

டீச்சரோ கண்ணில் நீர் வழிய ஓங்கரித்துக்கொண்டிருந்தாள். அக்கா கடித்த ரொட்டியைத் திரும்பப் பைக்குள் வைத்தாள். "மன்னிச்சுக்கங்க டீச்சர்."

"எதுக்கு? எனக்கும் வாந்தி வரலைன்னா, உங்களுக்கு நின்னது மருந்தாலயான்னு எப்படிக் கண்டுபிடிப்பாங்க? சாப்பிடுங்க."

அடுத்த கீமோவில் அக்காவுக்குப் பாதியிலேயே குமட்டியது. மருந்து மாறிவிட்டது என்று புரிந்துகொண்டாள். வாந்தி எடுத்துவிட்டுப் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள்.

டீச்சர் தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. பேசின் மடியிலிருந்து நழுவி நாற்காலி ஓரத்தில் கிடந்தது. அதே கீமோதான் அந்த உடம்பிலும் இறங்குகிறது. ஒரு பொட்டு மாத்திரை அதை அடக்கி உட்கார வைத்திருந்தது. போன தடவை இதே அதிசயம் தன் வயிற்றுக்குள்ளேயே நடந்தும் அவளுக்கு அது இத்தனை பெரிதாகத் தெரியவில்லை. இப்போது கண்ணெதிரே பார்க்கும்போது உடம்பு சிலிர்த்தது.

நழுவிய பேசினை எடுத்து மடியில் வைக்க வந்த நர்ஸ் டீச்சரை எழுப்பக் கை நீட்டினாள்.

"வேணாம்மா" என்றாள் அக்கா. அடுத்த குமட்டல் வந்தபோது, சத்தம் கேட்காதபடி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டாள்.