செருப்பு நனையாதவர்கள்

1994 தை மாதத்திலிருந்து ஆற்றங்கரை நடையாளர் சங்கத்தார் ஐந்து பேரும் தாமிரபரணித் தண்ணீரின் மேல் செருப்பு நனையாமல் நடந்து போய்வந்தார்கள். ஐந்து பேர் என்றால் தலைவர், செயலாளர், பொருளாளர் போக மிச்சம் இருவர்தான் உறுப்பினர்கள். கரையோரமாகக் கல்துறைக்குப் போகும் பாதையை ஒரு வாழைத்தோப்புக்காரர் மறித்து, ஆற்றுக்குள் இறங்கும் அளவுக்குக் காம்பவுண்டு சுவர் எழுப்பியதால் வந்த வினை அது. சங்கம் மனுமேல் மனு கொடுத்தது, நடையையும் விடவில்லை. சுவரின் முனையைத் தண்ணீரில் இறங்கித்தான் சுற்ற வேண்டியிருந்தது. ஆடியில் முழங்கால் முங்கியது. ஐப்பசியில் ஆறு பெருகியும் கணுக்கால்தான் நனைந்தது. மார்கழி கழிந்தபோது பாதம் மேலேயே நின்றுவிட்டது. ஒரு வாரம் ஊர் வேடிக்கை பார்த்தது. பிறகு துணி துவைக்கிறவர்கள், சோப்பு நுரை வழுக்கும், பைய போங்க என்று சொல்வதோடு சரி.

சங்கம் தொடங்கியதே செயலாளர் அருணாசலத்தின் மனைவி சண்முகசுந்தரிக்காகத்தான். அவளுக்கு இரண்டு முட்டியிலும் வாதம். மற்ற துறைகளுக்கெல்லாம் செங்குத்தான படிகள்; மேடுபள்ளமில்லாமல் அவள் ஆற்றுக்குப் போக முடிந்த வழி அந்தப் பாதை ஒன்றுதான். கல்துறையில் உட்கார்ந்து ஓடுகிற தண்ணீரில் அரைமணி நேரம் காலை விட்டால் அன்று முழுக்க வலி அடங்கிக் கிடக்கும். வீட்டில் வாளித் தண்ணீரில் வைத்துப் பார்த்தாள், பலிக்கவில்லை. இழுக்கிற தண்ணீரில் நடந்து சுவரைச் சுற்ற அவளுக்குத் தெம்பில்லாததால், ஆறு அவள் காலைப் பழகிக்கொள்ளவே இல்லை.

மறுவருடம் ஒரு அதிகாரி நேரில் வந்து பார்க்கச் சம்மதித்தார். முந்தின நாள் பொருளாளர் பீர் முகம்மது அருணாசலத்தின் வீடு தேடி வந்தார். மேலப்பாளையத்தில் கைலி வியாபாரம் செய்தவர், விவரமானவர்.

"நாளைக்கு ஒருநா மட்டும் ஆத்துல கால வைக்காதயும் வே. கரையில நின்னு சுவரக் காட்டும், போதும்."

அருணாசலம் தலையாட்டினார். மறுநாள் சண்முகசுந்தரியும் ஆட்டோவில் வந்து சுவரோரம் காத்திருந்தாள். தோப்புக்காரர் சிரித்தபடி, இந்தக் கிழடுகளால் நாலு எட்டு நடக்க முடியுமா, இவர்களுக்கு எதற்கு சார் பாதை என்று அதிகாரியிடம் கேட்டார். அருணாசலத்துக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. வாயை அடக்கிக்கொண்டார், காலை அடக்கத் தெரியவில்லை. விறுவிறுவென்று ஆற்றின் மேல் நடந்து, சுவரைச் சுற்றி அந்தப் பக்கம் போய்விட்டுத் திரும்பியும் வந்தார். அதிகாரி ஆச்சரியப்படவில்லை. செருப்பைக் கழற்றச் சொல்லி அடியைத் தொட்டுப் பார்த்தார். நடமாட்டத்துக்கு இடையூறு ஏதுமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஜீப்பில் ஏறினார்.

சண்முகசுந்தரி வழியெல்லாம் திட்டவுமில்லை, அழவுமில்லை. தெரு திரும்பும்போது, "நல்லாத்தான் நடந்தீங்க" என்றாள். அந்தச் சொல் அருணாசலத்தை ஆயுசுக்கும் விடவில்லை.

அடுத்த வருடங்களில் பால்காரர் சைக்கிளோடும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் புத்தகப்பையோடும் ஆற்றின் மேல் போகப் பழகிவிட்டார்கள். தோப்புக்காரர் சுவரை இன்னும் நீட்டினார், ஒருவரும் முணுமுணுக்கவில்லை. அருணாசலம் மட்டும் புதிதாக ஒரு மனு எழுதிக்கொண்டு அலைந்தார். பீர் முகம்மது கையெழுத்துப் போட்டார். மற்றவர்கள், தேவைப்படாத பாதைக்கு எதுக்கு அண்ணாச்சி வீண் பொல்லாப்பு என்று நழுவினார்கள்.

1999 வாக்கில் சண்முகசுந்தரி கட்டிலோடு ஆகிவிட்டாள். அவர் நடை முடிந்து வந்ததும் தினமும் ஒரே கேள்விதான்.

"இன்னைக்குத் தண்ணி எப்படி, குளுந்து கெடக்கா?"

ஆற்றின் மேல் நடக்கிறவர்களுக்கு ஆறு எட்டுவதில்லை. குனிந்து தொட்டால் உள்ளங்கையும் தரையில் வைத்தது மாதிரி மேலேயே நின்றுவிடும். செம்பை அமுக்கினாலும் ஒரு சொட்டு ஏறாது. அந்தத் தண்ணீர் சுடுகிறதா குளிர்கிறதா என்று அருணாசலத்துக்குக் கடைசியாகத் தெரிந்து ஐந்து வருடமாயிற்று.

"ஆமா, நல்லா குளுந்து கெடக்கு" என்பார்.

அவள் முட்டியைத் தடவியபடி கண்ணை மூடிக்கொள்வாள்.