காயாத பலகை

ஐந்து வருடத்துக்கு மேல் உழைக்கிற மேசை மனிதகுல முன்னேற்றத்துக்கே எதிரானது. இதை அப்பா போகிறபோக்கில் சொல்லிவிடவில்லை. ரெடிமேட் ஃபர்னிச்சர் கடை மேலாளர் என்ற முழுப் பொறுப்போடு சொன்னார். எங்கள் சாப்பாட்டு மேசையும் அவர் கடைச் சரக்குதான். முன்னேற்றத்துக்கு அது தாராளமாக ஒத்துழைத்தது. தண்ணீர் பட்டு ஊதி, ஒரு காலை இழந்து, செங்கல்லின் தயவில் நின்றது.

அம்மாவின் நோய் முற்றிவிட்டதென்று மருத்துவர் சொன்ன வாரமே, அவள் எங்களை மரக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். நல்ல தேக்கில் ஒரு மேசை செய்ய வேண்டுமாம். அடுக்கிலிருந்த பலகைகளை விரல் முட்டியால் தட்டித் தட்டி, காதை வைத்துக் கேட்டாள்.

"யாரும் கதவத் திறக்கலையா?" என்றார் அப்பா. "உள்ள ஆள் இல்ல போல. வா, போகலாம்."

"சும்மா இருங்களேன். கடைக்காரர் சிரிக்கிறார்."

"உன்னப் பாத்துதான் சிரிக்கிறார்."

காய்ந்த பலகைகள் 'டங்' என்றன. ஆனால் பாதிக்குப் பாதி வெளிறிய இளமரம். ஓரமெல்லாம் பூச்சித் துளை. வைரம் பாய்ந்த அகலப் பலகைகள் புதிதாக அறுத்தவை. தட்டினால் ஈர மூட்டையைத் தட்டியதுபோல் 'தொப்' என்றன.

"இது பேரப்பிள்ளைங்க காலத்துக்கும் நிக்கும்மா," என்றார் கடைக்காரர். "ஆனா காயணும். ஒரு வருஷமாவது ஆகும். அவசரப்பட்டு இழைச்சா முறுக்கிக்கும்."

"இதையே போடுங்க."

அப்பாவின் கேலி அங்கேயே நின்றுவிட்டது. "காஞ்சத எடும்மா. அடுத்த மாசமே மேசை வந்துடும். நீயும் உக்காந்து சாப்பிடலாம்."

"எனக்கா கேட்டேன்? உங்க ரெண்டு பேருக்கும்தான். செங்கல்ல கால இடிச்சுக்காம சாப்பிடுங்க."

காற்றுப் போக இடையிடையே சட்டம் கொடுத்து, பலகைகளைக் கூடத்தில் அடுக்கினோம். அறையில் மூச்சு முட்டுகிறது என்று அம்மாவின் கட்டிலும் பிறகு கூடத்துக்கே வந்தது. "விருந்தாளிங்க எப்பக் கிளம்புறாங்க?" என்று பலகைகளைக் காட்டி அப்பா தினமும் கேட்பார். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டார்.

ஒரு மதியம் கல்லூரியிலிருந்து சீக்கிரம் திரும்பினேன். அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். அப்பா கடைச் சீருடையோடு தரையில் மண்டியிட்டு, பலகையில் காதை வைத்திருந்தார். அவள் விழித்துவிடாதபடி, விரல் முட்டியால் மெல்லத் தட்டினார்.

'தொப்.'

"காயல," என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, அடுத்த பலகைக்கு நகர்ந்தார்.