மூன்றாகப் பிரிந்த மாத்திரை

அண்ணன் தம்பி மூன்று பேருக்கும் ஒரே பட்டறை, ஒரே வீடு, ஒரே சோப்பு. பழைய சோபாக்களுக்குப் புதுத்துணி போட்டுக் கொடுப்பது தொழில். பெரியவர் துணியை அளந்து வெட்டுவார். சின்னவன் தையல் மிஷினில் உட்கார்ந்து தைப்பான். தைத்து வந்ததைச் சோபாவின் மரச்சட்டத்தின் மேல் இழுத்து, சுருக்கம் விழாமல் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து ஸ்டேப்ளர் பின் அடிப்பவர் நடுவில் பிறந்தவர். மற்ற இருவரும் முட்டிக்கொள்ளும்போதெல்லாம் விலக்கிவிடுவதும் அவரே என்பதால் தெருவே அவரை நடுவர் என்றுதான் கூப்பிடும்.

அந்தக் குடும்பத்துக்கு ஒரு சட்டம் உண்டு. எது வந்தாலும் மூன்று பங்கு. அப்பா கண்ணை மூடிய மறுநாள் பெரியவர் போட்ட சட்டம் அது. ஒருத்தர் வாங்கிய பன் மூன்று துண்டாகும். ஒரு வாடிக்கையாளர் நடுவருக்கென்று ஆசையாகக் கொடுத்த சட்டைத்துணியைக்கூடப் பெரியவர் மூன்றாக வெட்டிவிட்டார். ஆளுக்கு ஒரு பெரிய கைக்குட்டை கிடைத்தது, சட்டை யாருக்கும் கிடைக்கவில்லை. நடுவருக்கு மனத்தாங்கல் இல்லையா என்றால், இருந்தது. ஆனால் அண்ணன் முகத்தைப் பார்த்ததும் அது தொண்டையிலேயே நின்றுவிடும்.

இப்படி இருக்கையில் ஒரு நாள், அரதப்பழசான சோபா ஒன்றின் துணியை உரிக்கும்போது துருப்பிடித்த பின் ஒன்று நடுவரின் இடது கட்டைவிரலில் ஏறியது. அன்றைக்கே ஊசி போட்டுக்கொண்டார். ஆனாலும் மூன்றாம் நாள் விரல் கத்தரிக்காய் மாதிரி வீங்கி, விண் விண் என்று தெறித்தது. மறுபடி கிளினிக்குக்குப் போனார்.

டாக்டர் அம்மாள் அதிகம் பேசாதவர். விரலை அழுத்திப் பார்த்தார், நடுவர் கூரையைத் தொட்டுவிட்டு வந்தார். "எந்த மருந்தாவது ஒத்துக்காம போயிருக்கா?" என்று கேட்டுக்கொண்டு, சிவந்திருந்த இடத்தைச் சுற்றிப் பேனாவால் ஒரு கோடு போட்டார். 

"ஆன்டிபயாட்டிக் எழுதியிருக்கேன். காலை, மதியம், ராத்திரி. ஏழு நாள். வலி போச்சுன்னு நீங்களா நிறுத்தக்கூடாது. சிவப்பு இந்தக் கோட்டைத் தாண்டினா உடனே வரணும்."

இருபத்தொரு மாத்திரையோடு நடுவர் பட்டறைக்குள் நுழைந்தார். பெரியவர் அட்டையை வாங்கி எண்ணிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"இருபத்தொண்ணு! பாரேன், மூணால சரியா போகுது. ஆளுக்கு ஏழு."

"அண்ணே, அது எனக்கு எழுதினது..."

"எனக்கு நாலு நாளா தொண்டை கரகரங்குது. இவனுக்குப் பல்வலி. ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு மூணு பேரும் தனித்தனியா போய் வரிசையில உட்காரணுமா?"

சொல்லிக்கொண்டே துணி வெட்டும் கத்தரிக்கோலால் அட்டைகளை நறுக் நறுக்கென்று வெட்டினார். ஓரம் கோணாமல், பிசிறு தட்டாமல் வெட்டினார். தொழில் சுத்தம் என்றால் அதுதான். நடுவர் தன் பங்கை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலையோடு அவருடைய பங்கு தீர்ந்தது. வீக்கம் குறைந்திருந்தது. "பார்த்தியா? ஏழே போதும். இந்த டாக்டருங்க எப்பவும் கூடத்தான் எழுதுவாங்க" என்றார் பெரியவர். அதைச் சொல்லி முடிக்கும் முன்பே வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் ஓடினார். அன்று அது ஐந்தாவது ஓட்டம். முந்தின நாள் சாப்பாட்டின் மேல் பழியைப் போட்டார். சின்னவனோ கழுத்திலிருந்து இடுப்பு வரை தடிப்புத் தடிப்பாய்ச் சொறிந்துகொண்டு, புது ரெக்ஸின் பசையைத் திட்டினான். ஆக, ஒருவர் ஓட, ஒருவன் சொறிய, பட்டறை அமோகமாக நடந்தது.

அடுத்த இரண்டு நாளில் நடுவரின் விரல் மறுபடி பொங்கியது. சிவப்பு பேனாக்கோட்டைத் தாண்டி மணிக்கட்டைப் பார்த்துக் கிளம்பிவிட்டது. துணியைப் பிடிக்கப் போனால் உயிர் போனது. இந்த விரல் இல்லாமல் தான் எதற்கு ஆவோம் என்று நினைத்தபடி நடுவர் வீட்டுக்கு நடந்தார். 

வீட்டில் கையைப் பார்த்த அவர் மனைவி, "மாத்திரை எல்லாம் சாப்பிட்டீங்களா இல்லையா?" என்று கேட்டாள். அவர் விஷயத்தைச் சொன்னார். 

"ஒரு மாத்திரையை என்னோடதுன்னு சொல்ல வாயில்லாத மனுஷனை நான் என்னத்தைச் சொல்ல!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அப்புறம் அழுதாள். திட்டியதைவிட அழுததுதான் அவரைக் கிளப்பியது.

வழக்கம்போல மூன்று பேரும் ஒன்றாகவே கிளினிக்குக்குப் போனார்கள்.

"மாத்திரையை ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" என்றார் டாக்டர்.

நடுவர் வாயைத் திறக்கும் முன் பெரியவர் பெருமையாகச் சொன்னார்: "அதெல்லாம் எப்பவோ முடிஞ்சுது டாக்டர். ஆளுக்கு ஏழு. ஒண்ணுகூட வீணாக்கல."

அதிகம் பேசாத டாக்டர் அன்றைக்குப் பேசினார். ஒரு வருஷத்துக்கானதைச் சேர்த்துப் பேசினார். முதலில் சின்னவனின் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். "மூச்சு திணறுச்சா? உதடு, முகம் வீங்குச்சா?" இல்லை என்றான். "தப்பிச்சே. பசையும் இல்லை, கிசையும் இல்லை. இந்த மாத்திரைதான் உனக்கு ஒத்துக்கல. அடுத்த தடவை உயிருக்கே உலை வெச்சிடும். எந்த டாக்டர்கிட்ட போனாலும் முதல்ல இதைச் சொல்லணும்" என்று சீட்டில் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தார். பல்லுக்குப் பல் டாக்டரைப் பார்க்கச் சொன்னார். அப்புறம் பெரியவர் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கு வந்தது வெறும் சளித் தொண்டை. இந்த மாத்திரை அதைத் தொடக்கூட தொடாது. உங்க வயித்தைத்தான் தொடும்."

"தொட்டுச்சு டாக்டர்" என்றார் பெரியவர், குரல் இறங்கி.

கடைசியில் நடுவரின் விரலைக் கீறிச் சீழை எடுத்தார். "அரைகுறையா அடிச்சா கிருமி சாகுமா? திரும்பி வந்திருக்கு பாருங்க. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா விரல் இருக்கும், ஆனா மடங்காது." 

கட்டுப் போட்டு, வேறு மாத்திரை எழுதினார். காலை ஒன்று, ராத்திரி ஒன்று, ஏழு நாள்.

"பதினாலா?" என்று பெரியவர் முணுமுணுத்தார். "மூணால போகாதே." 

டாக்டர் பார்த்த பார்வையில் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டார்.

மருந்துக்கடை வாசலில் நடுவர் அட்டையை வாங்கியதும், அண்ணனின் கை தன்னால் நீண்டது. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, நாற்பது வருஷப் பழக்கம். நடுவர் அட்டையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"இல்லண்ணே. இது என்னோடது."

சொல்லிவிட்டார். வானம் இடிந்து விழவில்லை. நீட்டிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் பெரியவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். சின்னவன் சொறிவதை நிறுத்திவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

அதன் பிறகு அண்ணன் பேசவில்லை. துணியை வெட்டி மேஜையில் வைத்துவிட்டுத் திரும்பிக்கொள்வார். தாங்கவே முடியாமல் இருந்தது நடுவருக்கு. அண்ணனைத் தெருவில் வைத்து வெட்டிப் பேசிவிட்டோமே என்று மாத்திரையை விழுங்கும் ஒவ்வொரு தடவையும் குற்றவாளியைப் போல முழித்தார். நாலாம் நாள் வலி போயிற்று. ஐந்தாம் நாள் வீக்கமும் வடிந்து, விரல் நன்றாக மடங்கியது. 

ஆறாம் நாள் காலையில் பெரியவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. வெட்டுமேஜையில் குனிந்து இருமினார், நிமிர்ந்து இருமினார். தம்பி பார்த்துவிடக் கூடாதென்று சுவரைப் பார்த்து இருமினார். ஆனால் மாத்திரை கேட்கவில்லை. ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நடுவருக்கு மனசு கேட்கவில்லை. தனக்குத்தான் குணமாகிவிட்டதே! சளிக்கு இது ஆகாதென்று டாக்டர் சொன்னதெல்லாம் காற்றில் போயிற்று. அன்றைய காலை மாத்திரையைப் பிதுக்கி எடுத்து, போய் அண்ணனின் அளவுகோல் பக்கத்தில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

பெரியவர் மாத்திரையைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, மறுகையில் ஒரு டம்ளர் தண்ணீருடன் வந்தார்.

"என் இருமலுக்கு நானே போய் வரிசையில உட்கார்ந்துக்கறேன்" என்றார். ஆறு நாளில் அதுதான் முதல் பேச்சு. "மாத்திரை உன்னோடது. சரி, ஒத்துக்கறேன். ஆனா அந்த விரல் உன்னோடது மட்டும்னு நினைச்சியா? அது மடங்கலன்னா நான் எதுக்குடா வெட்டணும், இவன் எதுக்குத் தைக்கணும்? ராத்திரி எல்லாம் எனக்குத் தூக்கம் கிடையாது, தெரியுமா உனக்கு? முழுங்குடா."

நடுவருக்குக் கண் நிறைந்துவிட்டது. மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீரைக் குடித்தார். அது தொண்டையில் இறங்கும்வரை அண்ணன் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.