இன்னும் ஒரு நிமிஷம் குறையட்டும்

எங்கள் வீட்டில் எந்த டின்னும் குப்பைக்குப் போனதில்லை. குளிர்பான டின், மீன் டின், பக்கத்து வீட்டுப் பூனை தின்று முடித்த டின் வரைக்கும் கழுவிக் கவிழ்த்து சமையலறை ஜன்னலில் காயும். என் வீட்டுக்காரர் அதையெல்லாம் வெட்டி அடுப்பு செய்வார். மலையேறுகிறவர்கள் பையில் போட்டுக்கொண்டு போகிற, உள்ளங்கையில் அடங்குகிற ஸ்பிரிட் அடுப்பு. வீட்டில் குத்துக்கல்லாட்டம் கேஸ் அடுப்பு இருக்க, மனுஷனுக்கு ஏன் இந்த வேலை என்று கேட்காதவர்கள் கிடையாது. நானே தினம் கேட்டேன்.

காரணம் ஒரு ஏரி. இவர் அச்சகத்தில் மெஷின்காரர். வருஷா வருஷம் அங்கே அச்சாகிற காலண்டரில் மலை உச்சி ஏரி ஒன்றின் படம் வரும். "இவ்வளவு காலமா அந்தத் தண்ணிக்கு மை போடறேன். நிஜமாவே அப்படி ஒரு நீலம் இருக்கான்னு என் கண்ணால ஒரு தடவ பாத்துடணும், நீயும் கூட வரணும்" என்பார். விசாரித்தால், பகல் முழுக்க ஏறி, ராத்திரி மேலே கூடாரம் போட்டுத் தங்கித்தான் இறங்க வேண்டுமாம். கனத்தைத் தூக்கிக்கொண்டு ஏற முடியாது. ஆகவே சிலிண்டர் வேண்டாம், டின் அடுப்பு போதும். இப்படித்தான் ஆரம்பித்தது இந்தக் கூத்து.

செய்கிற விதம் எனக்குத் தலைகீழாகத் தெரியும். இரண்டு குளிர்பான டின்களின் அடிப்பாகத்தை பிளேடால் கீறி எடுக்க வேண்டும். ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி, நடுவில் ஒரு தகட்டு வளையம் வைக்க வேண்டும். விளிம்பைச் சுற்றிக் குண்டூசியால் ஓட்டை. ஸ்பிரிட்டை ஊற்றிப் பற்றவைத்தால் முதலில் நடுவில் மட்டும் எரியும். டின் சூடானதும் ஓட்டை ஒவ்வொன்றிலிருந்தும் தீ கிளம்பும். முதல் தடவை அது கிளம்பியபோது நான் கை தட்டினேன், பொய் சொல்வானேன்.

பகல் வெளிச்சத்தில் ஸ்பிரிட் தீ கண்ணுக்கே தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து மறுபடி ஊற்றினால் தீர்ந்தது கதை, பாட்டிலோடு பற்றிக்கொள்ளும். அதனால் இவர் எப்போதும் உள்ளங்கையை மேலே நீட்டிச் சூடு பார்ப்பார். பால்கனியில் நின்று அடுப்புக்கு ஆசீர்வாதம் பண்ணுகிற மாதிரி இருக்கும். என் தம்பி வந்தால் விடமாட்டான்.

"மாமா, அப்படியே நல்லா இருன்னு வாயாலயும் ஒரு வார்த்த சொல்லிடுங்க" என்பான்.

முதல் கோடையிலேயே அடுப்பு தயார். தண்ணீர் தளதளவென்று கொதித்தது. கிளம்பலாமா என்றேன்.

"இரு, இரு. கொதிக்க ரொம்ப நேரம் எடுக்குது. இன்னும் ஒரு நிமிஷம் குறையட்டும்."

குறைந்தது. அப்புறம் ஸ்பிரிட்டை அதிகமாகக் குடிக்கிறது என்றார். அதைச் சரிசெய்ததும் அடுப்பைச் சுற்றி நிறுத்துகிற காற்று மறைப்பு நொண்டுகிறது என்றார். மறைப்பு நின்றதும் மறுபடி அந்த ஒரு நிமிஷம். கோடை போயிற்று, மழை போயிற்று, இன்னொரு கோடையும் போயிற்று.

"மலைக்கு நாம போறோமா, இல்ல மலை எறங்கி நம்ம வீட்டுக்கு டீ குடிக்க வருதா?" என்று கேட்டேன்.

"வரட்டுமே, அதுக்குள்ள அடுப்பு சரியாயிடும்" என்று சிரித்தார். அவர் அப்படிச் சிரித்தால் எனக்கும் கோபம் நிற்காது.

அதற்குப் பிறகுதான் மனுஷன் மாறினார். கண்ணாடி மாற்றப் போகிறேன் என்று தனியாகப் போய்விட்டு வந்தார். பவர் கூடியிருக்கிறது, வேறொன்றுமில்லை என்றார். மெஷினை விட்டு பேக்கிங் பக்கம் போனார். வயசாச்சு, போதும் என்றார். புதிதாகச் செய்த அடுப்பில் ஓட்டைகள் கோழி கிளறினாற்போல இருந்தன. கேட்டால் புது டிசைனாம். நான் பேசும்போது என் காதுப் பக்கமாக எங்கேயோ பார்த்தார். "மூஞ்சியப் பாத்துப் பேசினா கொறஞ்சா போயிடுவீங்க?" என்று கத்தினேன். ஏரிப் பேச்சை அவராக எடுக்கவே இல்லை. நான் எடுத்தால், அடுப்பில் இன்னும் ஒரு குறை இருக்கிறது என்பார்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. நான் வேலை செய்கிற தையல் கடையில் லீவு சொன்னேன். தம்பியை வேனோடு வரச் சொன்னேன்.

"அடுப்பு எரியலன்னா பச்சத் தண்ணியக் குடிச்சிட்டு எறங்குவோம். சனிக்கிழம கெளம்பறோம். இதுக்கு மேல ஒரு வார்த்த பேசினீங்க, அத்தன டின்னையும் பழைய சாமான்காரனுக்குப் போட்டுடுவேன்."

சனிக்கிழமை கைக்குக் கிடைத்த அடுப்பு ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார்.

தம்பி அடிவாரத்தில் இறக்கிவிட்டுப் போனான். இவர் கம்பு ஊன்றி நன்றாகவே ஏறினார்; மூச்சு வாங்கியது எனக்குத்தான். பொழுது சாய்கிற நேரத்துக்கு மேலே சேர்ந்தோம். சரிவுக்குக் கீழே ஏரி. அடேயப்பா! காலண்டரில் இருந்ததெல்லாம் ஒரு நீலமா? நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"எப்படிங்க இருக்கு?"

"ம். நல்லா இருக்கு."

அவ்வளவுதான். இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்? எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. அதற்குள் மலை மறைப்பில் நாங்கள் இருந்த பக்கம் இருட்டு கவிந்துவிட்டது. குளிரில் இரண்டு பேருக்கும் கை மரத்துப்போயிற்று. இவர் குனிந்து அடுப்பை வைத்து, ஸ்பிரிட் ஊற்றி, பற்றவைத்தார். கொஞ்ச நேரத்தில் தீ சுற்றிலும் நீலமாக எழும்பியது. கையை நீட்டிப் பார்த்தார். பழக்கம்தானே என்று இருந்தேன். "அணைஞ்சிடுச்சு போல" என்று சொல்லிக்கொண்டே ஸ்பிரிட் பாட்டிலைத் திறந்து அடுப்பை நோக்கிச் சாய்த்தார்.

பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தேன். "ஐயோ, என்ன பண்றீங்க! நல்லா எரியுதுங்க!"

"எரியுதா?" என்றார்.

பாட்டிலைப் பிடுங்கித் தள்ளி வைத்தேன். தண்ணீர்ப் பாத்திரத்தை எடுத்து அடுப்பின் மேல் வைத்தேன். இருட்டில் அத்தனை பளிச்சென்று எரிகிற தீ அது.

"கண்ணுக்கு நடுவுல ஒரு கற மாதிரி. எத நேராப் பாத்தாலும் அது மறைஞ்சிடுது. ஓரத்துல கொஞ்சம் தெரியும், அத வெச்சுத்தான் நடந்து வந்தேன். போனது திரும்பாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"எப்ப சொன்னாரு?"

"கண்ணாடி மாத்தப் போனேனே, அன்னிக்கு."

"அப்புறம் ஏன் அடுப்புல குற, குறன்னு இழுத்தீங்க?"

"இங்க வந்து ஒண்ணும் தெரியலன்னா உன்கிட்ட என்னன்னு சொல்றது?"

அடிக்கலாம் போல இருந்தது. அழுகையும் வந்தது. எத்தனை நாள் மூஞ்சியைப் பார்த்துப் பேசு என்று கத்தியிருக்கிறேன், பாவி நான். தண்ணீர் கொதித்து மூடி தடதடத்தது. இரண்டு பேரும் தொடவில்லை.

"மொத அடுப்பே போதும்டி" என்றார். "அப்பவே வந்திருக்கலாம். அப்ப எனக்கு ஊசி முனை தெரியும். ஒரு நிமிஷம் கொறைக்கணும்னு உக்காந்துட்டேன். சும்மா, ஒரு நிமிஷத்துக்காக."

வானத்தில் மிச்சமிருந்த வெளிச்சம் தண்ணீர் மேல் கிடந்தது. "இப்ப ஏதாவது தெரியுதாங்க? சரியாப் பாருங்க" என்றேன். சின்னப் பிள்ளையிடம் கெஞ்சுகிற மாதிரி கெஞ்சினேன்.

அவர் ஏரியிலிருந்து முகத்தைத் திருப்பினார். மெல்ல மெல்ல, எனக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"தெரியுது. கீழ ஏதோ மினுங்குது. தண்ணிதானே?"

"தண்ணிதாங்க."

"இப்படித் திரும்பினாத்தான் ஓரத்துல தெரியுது. ஆனா உன்னத்தான் காணோம்."

நான் நகரவில்லை. வெளிச்சம் போகும்வரை அவர் அப்படியே ஏரியைப் பார்த்தார்.