பன் தின்றுவிட்டுப் படியேறியவர்

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமானதல்ல. ஒவ்வாமை மருத்துவரான என் தோழி, தன் நோயாளி ஒருவரைப் பற்றிச் சொன்னது: "கோதுமை சாப்பிட்டா அவருக்கு ஒண்ணும் ஆகாது. மாடி ஏறினாலும் ஒண்ணும் ஆகாது. சாப்பிட்டுட்டு ஏறினா உயிருக்கே ஆபத்து."

அன்றே எழுத உட்கார்ந்தேன்.

2

"லிஃப்ட் மெக்கானிக் மூச்சுத் திணறி—"

(அடித்துவிட்டேன். முதலில் அவர் சிரிக்கட்டும்.)

லிஃப்ட் ஓடினால் மெக்கானிக்கை யார் கூப்பிடுவார்கள்? அதனால் அவருக்கு எப்போதும் படிக்கட்டுதான். உடன் வேலை செய்வது மனைவியின் தம்பி.

"ஊரையே மேல ஏத்துறோம், நம்மள ஏத்த நாதியில்ல மச்சான்" என்பார் அவனிடம்.

"பன்னைத் தின்னுங்க மச்சான். கொஞ்ச நேரம் காது குளிரட்டும்."

இருமுறை, உச்சியில் இருக்கும் இயந்திர அறையில், உடலெங்கும் தடித்துத் தொண்டை அடைத்தது. கிரீஸ் வாடை என்றார்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்று எல்லோரும் கேட்டார்கள். "தினமும் திங்கிற பன்னுதான்." பிறகு என்ன செய்தீர்கள் என்று கேட்டது என் தோழி மட்டும்.

பன்னும் கோதுமைதான், அதைத் தின்றால் சில மணி நேரம் படி ஏறக் கூடாது என்றார் தோழி. முதுகுவலி மாத்திரையும் சேர்ந்தால் இன்னும் மோசம். உயிர் காக்கும் அட்ரினலின் ஊசி எப்போதும் கூடவே இருக்க வேண்டும். அரிப்பு தொடங்கியதும் போட்டுக்கொள்ள வேண்டும், தாமதம்தான் கொல்லும்.

(குற்றமற்ற இரண்டு, ஓர் உடலுக்குள் சந்தித்து, இரண்டிலும் இல்லாத ஒன்றாகிவிடுகின்றன. வாக்கியங்களை அடுக்கி நான் ஆண்டுக்கணக்கில் முயல்வதை அந்த உடல் சத்தமில்லாமல் செய்கிறது.)

3

விடுமுறை நாள். ஏறப் போவதில்லை என்ற தைரியத்தில் பன் தின்றார். முதுகுக்கு மாத்திரையும் போட்டுக்கொண்டார். அப்போதுதான் தொலைபேசி: லிஃப்டுக்குள் ஒரு பெண் மாட்டிக்கொண்டு கதவைத் தட்டுகிறாள். மேலே ஒருவர் பிரேக்கைப் பிடிக்க, ஒருவர் சக்கரத்தைத் திருப்ப வேண்டும். இரண்டு ஆள் வேலை.

"மெதுவா வர்றேன்டா" என்றார், அந்தக் கட்டடத்தின் முதல் படியில் நின்று.

"அப்ப சுமையாவது எங்கிட்ட குடுங்க." மச்சினன் பையைப் பிடுங்கிக்கொண்டு இரண்டிரண்டு படியாகத் தாவினான்.

ஊசி அந்தப் பைக்குள்.

4

ஒரு முடிவில் அவர் நலமாக— (பொய்.)

இன்னொன்றில் அவர் மனைவி— (முடியவில்லை.)

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். பாதி வழியில் உள்ளங்கை அரிக்கிறது. சுவருக்கு அப்பால் அந்தப் பெண் தட்டுகிறாள். மச்சினனைத் திரும்பக் கூப்பிட்டால் அவள் இன்னும் கொஞ்சம் தவிப்பாள் என்று நினைத்து, இந்த மனிதர் தயங்குகிறார்.

நான் இங்கே நிறுத்துகிறேன். "மச்சான்!" என்று கத்தவைப்பது உங்கள் கையில்.

யோசித்துக்கொண்டிருக்காதீர்கள். அவர் குரல் கம்மிக்கொண்டே வருகிறது.