கொழுந்துப் பாலம்

மாட்சிமை பொருந்திய தேயிலைத் தோட்ட நிர்வாகம் மனித குலத்துக்குப் பெருமையோடு தெரிவிப்பது: வட்டவளைக்குக் கீழே, ரயில் பாதைக்கு மேலே, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக ஓர் இரும்புப் பாலம் எழுந்துவிட்டது. உலகில் இதற்கு ஈடில்லை.

இந்த அதிசயத்துக்குக் காரணமானவள் ராசம்மா. கொழுந்து பறிக்கும் மலை பாதைக்கு அந்தப் பக்கம், அதை நிறுக்கும் கொட்டகையான மடுவம் இந்தப் பக்கம். பனிமூட்டத்தில், முதுகில் நிறைந்த கூடையோடு தண்டவாளத்தைக் கடந்தவளை ரயில் அடித்துப் போட்டது. அவளுடைய தங்கை தனலெட்சுமி இப்போதும் அதே மலையில்தான் பறிக்கிறாள். இவளாவது பிழைக்க வேண்டுமென்று தாய் காளியாயி பாலம் கேட்டாள். கேட்டது நடந்து போக ஒரு வழி, கிடைத்தது சிற்பம்.

சீமையில் படித்த எஞ்சினியர் கொழும்பிலிருந்து வந்தார். பாலம் என்பது மலைக்குப் பூட்டும் நகை என்று தோட்டத்தை ஆளும் தொரையின் பங்களாவில் விளக்கினார். நடக்கப்போகிறவர்களை அளந்த பிறகே வரைவாராம். பெண்களை வரிசையில் நிறுத்தினார்கள். தொரைமார் முன்னால் கூடையோடு நிற்பது தோட்டத்தில் பெரிய மரியாதைக்கேடு. எல்லாரும் கூடையைச் செடி மறைவில் இறக்கிவிட்டு வந்து நின்றார்கள். அவர் தோளை அளந்தார். மெலிந்த உடல்கள், நளினமான பாலம் போதும் என்று பூரித்தார். எதைத் தின்று மெலிந்தார்கள் என்று கேட்கவில்லை.

திறப்பு விழாவில் வெறுங்கையோடு எல்லாரும் நடந்தார்கள். கைதட்டல் மலையில் எதிரொலித்தது.

மறுநாள், இலைகள் நெருங்கி மொட்டாகக் குவியும் இடத்தில் தனலெட்சுமியின் கூடை சிக்கிக்கொண்டது. முன்னே போக முடியவில்லை. பின்னே பெண்கள் வரிசை. இழுத்து விடுவித்தபோது பாதிக் கொழுந்து தண்டவாளத்தில் கொட்டியது. மடுவத்தில், வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு நாகலிங்கம், அவளுக்கு ஒழுங்காக நடக்கத் தெரியவில்லை என்று கத்தினார்.

காளியாயி முன்னால் வந்தாள்.

"கண்டாக்கய்யா, அந்தத் தொர எங்க தோள அளந்தாரு, முதுக அளந்தாரா? கூடைய எறக்கி ஒளிச்சு வையின்னு வெரட்டுனது நீங்கதான? ஒரு புள்ளய ரயிலுக்குக் குடுத்தாச்சு. இன்னொண்ண எதுக்குக் கேக்குறீங்க?"

நாகலிங்கத்துக்கு அவளுடைய வாய் நீளம் என்று பட்டது. ஆனாலும் விஷயம் கொழும்புவரை போனது. மொட்டை அகலமாக்கினால் கலை செத்துவிடும் என்று எஞ்சினியரிடமிருந்து பதில் வந்தது. மனிதர் சாவது அவருடைய படிப்பில் வரவில்லை போலும். தொரை உடனே தீர்ப்புச் சொன்னார்: பாலத்தில் இனிமேல் கூடைக்கு அனுமதி இல்லை.

பாலத்தைப் படமெடுக்க ஆட்கள் வருகிறார்கள். தனலெட்சுமி கூடையோடு தண்டவாளத்தைக் கடக்கிறாள்.